எட்டு பதினேழு

எட்டு மணி பதினேழு நிமிடத்துக்கு வகுப்பு தொடங்கும் கல்லூரி உலகத்தில் வேறெங்காவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். எட்டு இல்லை, எட்டேகாலும் இல்லை. எட்டு பதினேழு. முடிவது பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு. வேலையில் சேர்ந்த முதல் நாள் அந்தக் கால அட்டவணையைப் பார்த்துவிட்டு, யாரோ தட்டச்சில் கோட்டை விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பேனாவை எடுத்தேன்.

"அதுல கைய வைக்காதீங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அவர்தான் ஸ்டானிஸ்லாஸ். எங்கள் சமூகக் கல்லூரியின் முதல் இயக்குநர். ஆனால் அவரை இயக்குநர் என்று அழைத்தவர் யாரும் இல்லை. இருபத்து நான்கு வருடம் சிகாமாட் பக்கத்துப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்குத் தொடர் ஓட்டப் பயிற்சி கொடுத்தவர். அதனால் மாணவர், ஆசிரியர், கீழே டயர் கடைக்காரர் உட்பட எல்லாருக்கும் அவர் 'கோச்'. அறுபத்தொரு வயது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு ஸ்டாப்வாட்ச், சட்டைப் பையில் ஒரு நீல நிறக் குட்டி நோட்டு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும்போதும் அந்த ஸ்டாப்வாட்ச் தொங்கும் என்று கேள்வி.

கல்லூரி என்றதும் பெரிய வளாகம், கொடிக்கம்பம் என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தம்போய் ஊரில் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு மாடி, அவ்வளவுதான். வட்டாரத்துத் தமிழர் சங்கம் ஒன்று தொடங்கிய கல்லூரி. இப்போதைக்கு ஒரே ஒரு பாடம்: குளிர்சாதனக் கருவி பழுதுபார்ப்பு. சொல்லிக்கொடுப்பவர் காளிதாஸ், சிங்கப்பூரில் பதினாறு வருடம் ஏர்கோன் மாட்டியவர். அவர், கோச், நான். மூன்றே பேர்.

நான் கஸ்தூரி, இங்கே கிராணி, அதாவது எழுத்தர். இதற்கு முன் தம்போயிலேயே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வருகைப்பதிவு பார்த்தேன். ஆயிரத்து இருநூறு பேர் விரல் வைத்துப் போவதைப் பார்த்துப் பார்த்து மனிதர்களைப் பற்றி எனக்கு ஒரு முடிவு ஏற்பட்டிருந்தது. நேரத்தை எங்கே வைத்தாலும் மனிதன் அதற்கு இரண்டு நிமிடம் முன்னால்தான் வருவான். ஏழு என்றால் ஆறு ஐம்பத்தெட்டு. எட்டு என்றால் ஏழு ஐம்பத்தெட்டு. காரணம் கேட்டால் கதை சொல்வான். அதனால் நான் கேட்பதில்லை. கைரேகை இயந்திரத்தின் திரையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. பத்தொன்பது வருடமும் அதைக் காலியாக விட்டே தாண்டிப் போயிருக்கிறேன்.

ஆனால் மற்ற விஷயங்களில் எனக்கு மூக்கு நீளம். அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. கோச் விஷயத்தில் மூன்று கேள்விகள் என்னைத் தூங்கவிடாமல் செய்தன. ஒன்று, ஏன் எட்டு பதினேழு? இரண்டு, தினமும் காலையில் படிக்கட்டு அடியில் நின்று அந்த நீல நோட்டில் என்ன எழுதுகிறார்? மூன்று, வெற்றிமேல் வெற்றியாக வந்துகொண்டிருந்த ஆள் ஒன்பது வருடத்துக்கு முன்னால் திடீரென்று பயிற்சியை ஏன் விட்டார்?

முதல் கேள்வியைக் கீழே நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கும் தனலெட்சுமி அக்காவிடம் போட்டேன். அக்காவிடம் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு.

"நல்ல நேரம் பாத்து வெச்சிருப்பாரு, கிராணியம்மா."

"அக்கா, அவரு கிறிஸ்டியன் லா. ராகு காலம் எல்லாம் பாப்பாரா?"

"பொண்டாட்டி பாப்பாங்களோ என்னவோ. நமக்கு என்னா தெரியும்?"

காளிதாஸிடம் வேறொரு கதை இருந்தது. கோச்சின் பிள்ளைகள் நாலு பேர் நூறு மீட்டர் தொடர் ஓட்டத்தில் வைத்த சாதனை நாற்பத்தெட்டு புள்ளி ஒன்று ஏழு வினாடியாம். அந்த ஞாபகத்துக்காக எட்டு பதினேழாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "படிக்கல லா, சும்மா தோணுச்சு," என்றார்.

இப்படி டயர் கடைக்காரர் வரைக்கும் எல்லாரையும் கேட்டுவிட்டேன், கோச்சைத் தவிர. அவரிடம் கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அப்புறம் காலை நேரத்தில் அக்காவிடம் உட்கார்ந்து எதைப் பேசுவது?

கோச்சின் நடைமுறையே தனி. பாடத்தை 'ட்ரெயினிங்' என்பார். கருவியைக் கை மாற்றிக் கொடுக்கும்போது வாங்குகிறவர் திரும்பிப் பார்த்தால், "பின்னால பாக்காத, கைய நீட்டு, வரும்," என்று அதட்டுவார். இயக்குநர் அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சங்கத் தலைவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. முனைவர் பட்டம் வாங்கிய மூன்று பேர் இந்தப் பதவியை வேண்டாம் என்று சொன்ன பிறகு, சங்கக் கூட்டத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த கோச் தானாகவே கையைத் தூக்கினாராம். தலைவருக்கு வேறு வழி இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரிக்கு அரசு அங்கீகாரம் வேண்டும். அது இல்லையென்றால் நாங்கள் கொடுக்கும் சான்றிதழ் வெறும் காகிதம். அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். அவர் வரும் நாளில் வகுப்பில் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். பதினான்கு என்றால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். இன்னொரு வருடம் காத்திருக்கும் பொறுமை சங்கத்துக்கு இல்லை, கதவைச் சாத்திவிடுவோம் என்று தலைவர் என்னிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். சாத்தினால் நாற்பத்தாறு வயதில் நான் மறுபடியும் வேலை தேடித் தெருவில் நிற்க வேண்டும். எங்களிடம் இருந்தது சரியாகப் பதினைந்து மாணவர்கள். ஒருவர் கூடுதலாகக்கூட இல்லை.

அந்தப் பதினைந்தில் பதினான்கு பேர் ஏழு ஐம்பதுக்கே வந்துவிடுவார்கள். பஸ் அப்படி. வந்து அக்கா கடையில் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அரட்டை அடிப்பார்கள். பதினைந்தாவது ஆள்தான் யோகேஸ்வரி. முப்பத்தேழு வயது, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், வகுப்பில் மூத்தவள். தினமும் எட்டு பதினான்கு, எட்டு பதினைந்துக்கு ஒரு வெள்ளை வேன் வந்து டயர் கடை ஓரத்தில் நிற்கும். அதிலிருந்து குதித்து, இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே வருவாள். எனக்கு அவளைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கும். பாருங்கள், என் கணக்கு எவ்வளவு சரி! எட்டு பதினேழு என்று வைத்ததால்தானே எட்டு பதினைந்துக்கு வருகிறாள்? எட்டு என்று வைத்தால் ஏழு ஐம்பத்தெட்டுக்கு வந்து நிற்கமாட்டாளா?

அதிகாரி வருவதற்கு முந்திய வாரம் கோச் பெக்கோக் பக்கம் கிளம்பினார். அடுத்த சேர்க்கைக்கு ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துப் பேச நான்கு நாள் பயணம். போகும்போது கையெழுத்து முத்திரையை என் மேசையில் வைத்தார்.

"அவசரக் கடிதம் ஏதாவதுன்னா போட்டுக்குங்க. மத்ததெல்லாம் இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

"சரிங்க கோச்."

சரி என்றுதான் சொன்னேன். ஆனால் அங்கீகாரப் படிவத்தை இணையத்தில் நிரப்ப உட்கார்ந்தபோது, வகுப்பு தொடங்கும் நேரம் என்ற இடத்தில் தட்டச்சு செய்யவே முடியவில்லை. 8:00, 8:30, 9:00 என்று வரிசையாக இருப்பதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். 8:00 என்று அழுத்தினேன். அழுத்திய பிறகு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. படிவத்தில் எட்டு, நடப்பது எட்டு பதினேழா? அதிகாரி எட்டுக்கு வந்து உட்கார்ந்து எண்ணினால் பதினான்குதானே இருக்கும்? பதினைந்தைக் காப்பாற்ற ஒரே வழி, எல்லாரையும் எட்டு மணிக்குக் கொண்டுவருவது. தொழிற்சாலையில் இருந்த அதே மாதிரிக் கைரேகை இயந்திரம் இங்கேயும் உண்டு, அதில் நேரத்தை மாற்றினேன். அட்டவணையையும் திருத்தி ஒட்டினேன். பல நாளாக அரித்துக்கொண்டிருந்த கைக்கு நல்ல நிம்மதி.

திங்கட்கிழமை யோகேஸ்வரி எட்டு பதினான்குக்கு விரல் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் இயந்திரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னிலேருந்து எட்டு மணிம்மா," என்றேன்.

எதையோ சொல்ல வாயைத் திறந்தவள், "கோச்சுக்குத் தெரியுமாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாம் தெரியும்," என்றேன். பொய்தான். அந்த நேரத்தில் அது பொய் மாதிரி தெரியவில்லை.

செவ்வாய் எட்டு பதினைந்து. புதன் எட்டு பதின்மூன்று. மூன்று சிவப்பு விழுந்தால் இயந்திரத்தோடு வந்த மென்பொருள் தானாகவே எச்சரிக்கைக் கடிதத்தை அச்சடித்துவிடும். தொழிற்சாலையில் நான் பயன்படுத்திய அதே கடிதம்தான். 'தாங்கள் மூன்று முறை தாமதமாக வந்துள்ளீர்கள். இது தொடர்ந்தால் தங்கள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.' அந்தக் கடிதத்தைப் பார்த்து யாரும் வேலையை விட்டுப் போனதில்லை. பயந்துபோய் ஒரு மாதம் ஒழுங்காக வருவார்கள், அவ்வளவுதான். கோச்சின் கையெழுத்து முத்திரையை ஓங்கிக் குத்தி, வகுப்பு முடிந்து இறங்கிக்கொண்டிருந்தவளிடம் நானே கொடுத்தேன்.

அவள் படியில் நின்றபடியே படித்தாள். கடிதம் முழுவதையும் படித்ததாகத் தெரியவில்லை. அடியில் இருந்த கையெழுத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மறுபடியும் மூணா?" என்றாள். சிரித்தாள்கூட. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நடந்து போனாள். அன்றைக்குத்தான் அவள் ஒவ்வொரு படியாக இறங்கியதைப் பார்த்தேன்.

'மறுபடியும்' என்றாளே, அது என்ன? நான்காவது கேள்வியும் கிடைத்துவிட்டது என்று ஒரு கணம் உள்ளுக்குள் குதூகலித்தேன். இப்போது அதை நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

வியாழக்கிழமை கோச் வந்துவிட்டார். வழக்கம்போலப் படிக்கட்டு அடியில் நின்றார். எட்டு பதினேழு ஆனது. எட்டு முப்பது ஆனது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அசையவில்லை. எட்டு நாற்பதுக்கு மேலே வந்தார்.

"யோகேஸ்வரி எங்க?"

கடிதத்தின் நகலை எடுத்துக் கொடுத்தேன். நேரத்தை மாற்றியதையும், படிவத்தையும், பதினைந்து பேர் கணக்கையும் விளக்கினேன். என் குரல் போகப் போகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. அவர் கடிதத்தை நின்றபடியே படித்தார். மூன்று முறை என்று இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார். பிறகு பக்கத்தில் இருந்த மாணவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை, நீல நோட்டை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"பாருங்க. ரொம்ப நாளா பாக்கணும்னு நெனச்சீங்கல்ல?"

கன்னம் சுட்டது. இருந்தாலும் பிரித்தேன். மாணவருக்கு ஒரு பக்கம். எந்த பஸ், எங்கே ஏறுகிறார், எந்த இடத்தில் வாகன நெரிசல், மழை பெய்தால் எவ்வளவு கூடுதல். ஒவ்வொரு நாளும் வந்த நேரம். யோகேஸ்வரியின் பக்கத்தில் மட்டும் கல்லூரி திறப்பதற்கு முந்திய மாதத்துத் தேதிகளும் இருந்தன. கடைசிப் பிள்ளையை இறக்கும் நேரம் 7:46. அங்கிருந்து இங்கே 25 நிமிடம், 28, 27, 30, 26. அடியில் கோடு போட்டு, 'பிந்தினால் 8:16' என்று எழுதி, அதற்குக் கீழே வட்டம் போட்டு 8:17.

"அவ வேன் பின்னால அஞ்சு நாளு என் காருல போயி டைம் எடுத்தேன்," என்றார் கோச். "மத்த பதினாலு பேரும் எப்ப வெச்சாலும் வந்துருவாங்க. அவ ஒருத்திக்குத்தான் கணக்கு."

"அந்தப் பொண்ணு உங்களுக்கு..."

"என் டீம்ல ஓடுனவ. மூணாவது ஆளு. வளைவுல ஓடறவ."

இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் நடந்தது. பெக்கோக் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, பதினாறு வயது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பயிற்சி. மூன்று சனிக்கிழமை ஏழே காலுக்கு வந்தாள். கோச்சின் சட்டம், மூன்று முறை தாமதம் என்றால் பெயரை அடித்துவிடுவது. அடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அவள் பலகையைப் பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாள். அதோடு ஓடவே இல்லை.

"அந்த வருசம் தோத்திருந்தாலாவது உறுத்தியிருக்கும்," என்றார். "ஜெயிச்சிட்டோம். தங்கம். என் சட்டம் சரின்னு நெனச்சிட்டேன். அதே சட்டத்த இன்னும் பன்னெண்டு வருசம் வெச்சிருந்தேன், எத்தன பேர அடிச்சேன்னு கணக்கில்ல."

பிறகு ஒருநாள் தம்போயில் பெட்ரோல் போடும்போது ஒரு வேன்காரப் பெண் "கோச்!" என்று ஓடி வந்திருக்கிறாள். சந்தோஷமாகத்தான் வந்திருக்கிறாள். பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அப்போது அவள் அம்மாவுக்கு இடுப்பு முறிந்து கிடந்ததாம். பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமை இருட்டோடு எழுந்து, அம்மாவின் நிரையில் பாதி ரப்பர் மரத்தைப் பாலுக்குச் சீவி வைத்துவிட்டுத்தான் சைக்கிளை மிதித்திருக்கிறாள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கோச் கேட்டிருக்கிறார்.

"'நீங்க கேக்கலியே கோச்'ன்னா," என்றார் அவர். "கோவமா சொல்லல. இன்னிக்கு மழ பெய்யலன்னு சொல்ற மாதிரி சொன்னா. அந்த வாரமே விசில பள்ளிக்கூடத்துல திருப்பிக் குடுத்துட்டேன்."

மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. நாலாவதுக்கும்தான். தெரிந்துகொண்டதில் ஒரு துளி சந்தோஷம் இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் ஊதியது அவர் கையெழுத்தை வைத்து.

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபத்தைத்தான் முதலில் வெளியே விட்டேன். "இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் கோச் மாத்தப் போறேன்?"

"நீங்க டயர் கடைக்காரர் வரைக்கும் விசாரிச்சீங்கன்னு தெரியும். எங்கிட்டயும் வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." நோட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். "இல்ல, அது சும்மா. எனக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அன்று பகல் ஒரு மணிக்கு ஸ்கூடாய் பக்கத்துப் பள்ளிக்கூட வாசலுக்கு இருவரும் போனோம். வெள்ளை வேன் நிழலில் நின்றது. யோகேஸ்வரி ஓட்டுநர் இருக்கையில் குளிர்சாதனப் பாடநூலை ஸ்டியரிங் மேல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் மூடிவிட்டாள். கோச் ஜன்னல் ஓரமாகப் போய் நின்றார். மைதானத்தில் அந்தக் கோடிக்குக் கேட்கும்படி கத்தின மனிதர் ஸ்டாப்வாட்ச் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். நான்தான் தொடங்கினேன்.

"அந்த லெட்டர் நான் போட்டதும்மா. நேரத்த மாத்துனதும் நான்தான். கோச்சுக்கு ஒண்ணுமே தெரியாது. உங்கிட்ட தெரியும்னு சொன்னது பொய்."

அவள் பாடநூலை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தாள்.

"ஏன் லேட்டுன்னு நான் கேட்டிருக்கணும்," என்றேன்.

"இப்ப கேக்கறீங்க," என்றாள் யோகேஸ்வரி. "திங்கக்கெழம ஆபீசர் வராங்கன்னு காளிதாஸ் சார் சொன்னாரு. பதினஞ்சு தல வேணுமில்ல?"

பொய் சொல்ல இன்னொரு முறை எனக்குத் தைரியம் இல்லை. "ஆமா. அதுக்கும்தான் வந்தேன்."

கோச் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "தலைக்காக நீ வர வேணாம். காலேஜ மூடுனா மூடட்டும். நான் வந்தது வேறொண்ணுக்கு. பெட்ரோல் ஸ்டேசன்ல நீ சொன்னப்பவே மன்னிப்பு கேட்டிருக்கணும், ஒம்போது வருசமா இழுத்துட்டேன். ஒன் பேர அடிச்சது தப்பு யோகேஸ்வரி. என்ன மன்னிச்சிரு."

அவள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது, பிள்ளைகள் ஓடி வந்து வேனை மொய்த்துக்கொண்டார்கள். கடைசியாக ஒரு ஆசிரியையின் கையைப் பிடித்தபடி ஒரு பையன் மெதுவாக வந்தான். அவள் இறங்கிப் போய் அந்தக் கையை வாங்கிக்கொண்டாள்.

"இவன்தான் காலையில லேட்டாக்குறவன். தனி வகுப்பு, சிறப்புக் கல்வி. இந்த டீச்சர் கைய தவிர வேற கைக்கு மாற மாட்டான். அவங்க வர வரைக்கும் நான் நிக்கணும்," என்று என்னைப் பார்க்காமலே சொன்னாள். அவனை முன் இருக்கையில் ஏற்றிப் பட்டையை மாட்டிவிட்டு, "பாக்கலாம் கோச்," என்று சொல்லி வேனைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமையும் அவள் வரவில்லை. நான் இயந்திரத்தை எட்டு பதினேழுக்குத் திருப்பிவைத்தேன். பழைய அட்டவணையை ஒட்டினேன். இணையப் படிவத்தை மட்டும் திருத்த முடியவில்லை. அனுப்பியது அனுப்பியதுதான்.

திங்கட்கிழமை ஏழு ஐம்பதுக்கு அதிகாரி வந்துவிட்டார். புவான் ஹஸ்லினா (மலாயில் அம்மையாரைப் புவான் என்பார்கள்), கண்ணாடி போட்ட அமைதியான அம்மா. கோப்பை மடியில் வைத்துக்கொண்டு வகுப்பின் கடைசியில் உட்கார்ந்தார். எட்டு மணி ஆனது. பதினான்கு பேர் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பாடம் தொடங்கவில்லை. ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று மலாயில் கேட்டார்.

காளிதாஸ் கோச்சின் காதில் குனிந்தார். "ஆரம்பிச்சிரலாமா கோச்? சும்மா பேருக்கு."

"எட்டு பதினேழு," என்றார் கோச்.

நான் எழுந்து அதிகாரியிடம் போனேன். எனக்குத் தெரிந்த மலாயில் நடந்ததைச் சொன்னேன். படிவத்தில் இருப்பது தப்பு, அந்தத் தப்பு என்னுடையது, எங்கள் வகுப்பு தொடங்குவது எட்டு பதினேழுக்கு என்றேன். எதற்கு அப்படி ஒரு நேரம் என்று கேட்டார். ஒரு மாணவி அப்போதுதான் வந்துசேர முடியும் என்றேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"அந்த மாணவி எங்கே?"

"தெரியவில்லை, புவான்."

கோச் படிக்கட்டுக்குப் போகவில்லை. வகுப்பு வாசலில் ஸ்டாப்வாட்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். எட்டு பதினான்கு. டயர் கடையில் யாரோ இரும்பைத் தட்டினார்கள். எட்டு பதினாறு. கீழே ஒரு வண்டி நின்றது, ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன், அது மீ நூடுல்ஸ் விற்கும் ஆள். எட்டு பதினேழு.

"ஆரம்பிங்க," என்றார் கோச். அவர் குரலில் எதுவுமே இல்லை.

காளிதாஸ் கம்ப்ரசரைத் திறந்து பேசத் தொடங்கினார். புவான் ஹஸ்லினா பேனாவால் ஒவ்வொரு தலையாகச் சுட்டி எண்ணினார். கோப்பில் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். பதினான்கு. வேலை போனது பற்றி அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நினைத்தேன். ஆனால் அதைவிட வாசலில் நின்றவர் முதுகைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அப்போது படிக்கட்டில் சத்தம் கேட்டது. இரண்டு இரண்டு படி.

யோகேஸ்வரி வாசலில் வந்து நின்றாள். மூச்சு இரைத்தது, நெற்றியெல்லாம் வேர்வை. கோச் நகர்ந்து வழிவிட்டார். அவள் இயந்திரத்தில் விரலை வைத்தாள். சிவப்பு. 8:21. அறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

"ஏன்மா லேட்டு?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டு நின்றேன். பத்தொன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, வாய்க்குள் புதிதாக இருந்தது.

"இன்னிக்கு அந்த டீச்சர் லீவு," என்றாள் மூச்சு வாங்கியபடி. "வேற டீச்சர் கைக்குப் போக மாட்டேன்னுட்டான். அவனா விடற வரைக்கும் நின்னுட்டு வந்தேன்."

"உள்ள போய் ஒக்காரும்மா."

என்ன சொன்னாள் என்று புவான் ஹஸ்லினா கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தப் பையனுக்கு என்ன வயது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. யோகேஸ்வரியே பின்னால் திரும்பி, "துஜோ தாஹுன், புவான். ஏழு," என்றாள். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு, பதினான்கை அடித்துப் பதினைந்து என்று எழுதினார். 8:00 என்று அச்சாகியிருந்ததையும் அடித்து, பக்கத்தில் கையால் 8:17 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கோச் நீல நோட்டைத் திறந்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். எழுதி முடித்தும் தலையை நிமிர்த்தவில்லை. நான் இயந்திரத்தின் பக்கம் திரும்பினேன். திரையில் அந்தக் கட்டம் காலியாகத் துடித்துக்கொண்டிருந்தது. காரணம். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தேன்: பையன் கையை விடவில்லை.